யார் யாருக்கு ‘நீங்க’

நான் இத்தாலிய மொழி படிக்கிறேன் என்றால் தோழர்களே சிரிக்கிறார்கள். ‘போடிநாயக்கனூர்ல உக்காந்துக்கிட்டு இத்தாலி பாஷையா? ஏலக்காயக் கொண்டுபோயி அங்க விக்கப்போறியா?’ என்கிறார்கள். இங்கிலீஷே நமக்கு முழுசா வசப்படல, அதுக்குள்ள இன்னொண்ணா என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு சங்க வேலை பார்க்கிற ஒரு சேரிப் பெண்ணுக்கு இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காரணம் கிராம்சி. ‘விளிம்புநிலை மக்கள்’ என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு வேராக இருந்த மனிதரை நாம் படித்ததெல்லாம் இத்தாலியிலிருந்து இங்கிலீஷுக்கு, இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு எனக் கைமாறி வந்த எழுத்தில்தான். அவர் சர்தீனியத் தீவுக்காரர். 1911இல் டூரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மொழியியல் படித்தவர். 1926இல் முசோலினி அரசு அவரைப் பிடித்து உஸ்திகா தீவில் வைத்தபோது, அங்கே இருந்த அரசியல் கைதிகள் தாங்களே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வரலாறும் இலக்கியமும் கிராம்சி பொறுப்பு. அறிவியல் பாடம் போர்டிகா பொறுப்பு. அதே பள்ளியில் ஜெர்மன் வகுப்பில் கிராம்சி மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1927 மார்ச்சில் தங்கை தெரெசினாவுக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளையைச் சர்தீனிய மொழி பேசவிடு, தடுக்காதே என்று சொல்கிறார். ஜெயிலுக்குள் கிடக்கிற ஒரு மனுசனுக்கு, ஊரில் இருக்கிற குழந்தை எந்தப் பேச்சில் வளர்கிறது என்ற கவலை. அந்தக் கடிதங்களை அவர் எழுதிய மொழியிலேயே படிக்க ஆசைப்பட்டேன்.

இரண்டாவது காரணம் என் வகுப்பறை. எம்.ஏ.வில் எங்களுக்குத் தேம்பாவணி நடத்தினார்கள். இத்தாலியில் பிறந்த பெஸ்கி இங்கே வந்து வீரமாமுனிவர் ஆனார், 1732இல் சதுரகராதி செய்தார், நம்மைவிட நல்ல தமிழ் எழுதினார் என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். எனக்கு வேறு கேள்வி வந்தது. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் வாய்? அவருக்கு முன்னால் 1606இல் மதுரை வந்த நொபிலியும் இத்தாலியர்தான். பிராமண சன்னியாசி வேடம் பூண்டு, பிராமணரிடம் வடமொழி படித்தார். ஏற்கெனவே கிறித்தவர்களாயிருந்த பரதவர்களிடமிருந்து விலகி இருந்தார். ஒரு மொழியை யாரிடம் கற்கிறோமோ அவர்களுடைய சாதியும் மொழியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பெஸ்கி ஒன்று செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். செந்தமிழுக்கு மட்டுமில்லாமல், ‘கொடுந்தமிழ்’ என்று பேச்சுத் தமிழுக்கும் தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். பிறகு வரும் பாதிரிமார் படிப்பதற்காக. பேசுகிற தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்பதை நம் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். இத்தாலியில் இருக்கிற ஒரு பள்ளி இணையவழியில் நடத்துகிற குழு வகுப்பு அது. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம். நாங்கள் எட்டுப் பேர். ரோமுக்குப் போகவிருக்கிற கோட்டயத்து கன்னியாஸ்திரி ஒருவர். மிலானில் படிக்கப்போகும் கோயம்புத்தூர்ப் பையன். பலெர்மோவில் வேலை பார்க்கும் கணவனிடம் போய்ச் சேரக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். (பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சந்த ரொசாலியா மாதாவைக் கும்பிட மலையேறிப் போவார்களாம்.) சொல்லித்தருகிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இத்தாலியன்தான் தாய்மொழி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. சியேனாக்காரம்மா ஆமாம் என்றார். நேப்பிள்ஸ்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘எங்க வீட்டுல நேப்பிள்ஸ் பேச்சு. இத்தாலியன் நான் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். வீட்டுப் பேச்சு வாயில வந்தா டீச்சர் அடிக்கும்.’ 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் என்று தூல்லியோ தெ மௌரோ என்ற மொழியியலாளர் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் தெருத் தமிழைப் பேசிவிட்டு வகுப்பில் தலைகுனிந்து நின்ற எனக்கு, அந்த நேப்பிள்ஸ்காரர் அன்றைக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

மூன்றாம் பாடத்தில் ‘து’, ‘லேய்’ வந்தது. ‘து’ என்றால் நீ. ‘லேய்’ என்றால் நீங்கள். இத்தாலியனில் இதைச் சொல்கிற முறையே வேறு. ஒருவரை ‘நீ’ என்று அழைப்பதை ‘து கொடுப்பது’ என்கிறார்கள். மரியாதையாக அழைப்பது ‘லேய் கொடுப்பது’. தெரியாதவர்கள் சந்தித்தால் இரண்டு பேரும் லேய் கொடுக்க வேண்டும். பழகிய பிறகு, வயதில் மூத்தவர் ‘தியாமோச்சி தெல் து’ என்பார். நாம் ஒருவருக்கொருவர் ‘து’ கொடுத்துக்கொள்வோம் என்று அர்த்தம். அதன் பிறகு இரண்டு பக்கமும் ‘து’.

நான் கேட்டேன்: ‘ஒருத்தர் து கொடுத்து, மத்தவர் லேய் மட்டுமே கொடுத்துக்கிட்டு இருந்தா?’ சியேனாக்காரம்மா யோசித்தார். ‘குழந்தைங்ககிட்ட அப்படி உண்டு. பெரியவங்களுக்குள்ள இப்ப அப்படிச் செஞ்சா அவமானப்படுத்துறதுதான்’ என்றார்.

அவமானம். எங்கள் மலையில் அதற்குப் பெயர் நிர்வாகம்.

போடியிலிருந்து விடியக்காலையில் ஜீப்புகள் போடிமெட்டு ஏறும். பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு எங்கள் பெண்களை அடைத்துக்கொண்டு போகும். என் அம்மா முப்பது வருசம் அந்த ஜீப்பில் போனவள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. செடிக்கு அடியில், தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்கணும். கால் விரலிடுக்கில் அட்டை கடிக்கும். அப்படிக் குனிந்திருக்கிற அறுபது வயசுக்காரிக்கு மேலே நின்றுகொண்டு இருபத்திரண்டு வயசுக் கங்காணிப் பையன் சொல்வான்: ‘ஏய், இந்தச் செடிய எவடி எடுத்தா? இங்க வாடி.’ அவள் எழுந்து, ‘இந்தா வாரேன் சாமி’ என்பாள். அவனுக்கு அவள் ‘டீ’. அவளுக்கு அவன் ‘சாமி’.

எங்கள் பெண்கள் மலையாளமும் பேசுவார்கள். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. 2017இல் கேரள எழுத்தறிவு இயக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுத்தர ‘சங்ஙாதி’ என்ற திட்டம் கொண்டுவந்தது. நல்லது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மலையேறிவிட்ட எங்கள் பெண்கள் ஏவலையும் வசவையும் காதில் வாங்கித்தான் அந்த மொழியைப் படித்தார்கள்.

நான் பிறந்த 1989ஐ அம்மா ‘கலவரத்து வருசம்’ என்பாள். போடி எரிந்த அதே வருசத்தில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆனால் புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, ‘சாதிப் பேரச் சொல்லித் திட்டினாங்களா?’ சொல்லவில்லை. ‘வாடி’ என்றுதான் சொன்னான். அந்த ஓரெழுத்து ‘டீ’க்குள் சாதி முழுசாக உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்த மனுவில் எழுதுவது?

தமிழ் இப்படித்தான், பண்பாடு இப்படித்தான் என்று சிலர் சொல்லலாம். தமிழ் படித்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். புறநானூற்றுப் புலவர்கள் அரசனை நேருக்கு நேர் ‘நீ’ என்றே பாடினார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், அது இலக்கணத்தின்பாற்பட்டது அல்ல என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார். வழக்கில் வந்தது என்றால் மனுசர் கொண்டுவந்தது. மனுசர் கொண்டுவந்ததை மனுசர் மாற்றலாம்.

அரசாங்கம் உத்தரவு போட்டு மாற்ற முடியுமா என்றால், இத்தாலியில் அதையும் பார்த்துவிட்டார்கள். 1938இல் முசோலினி ஆட்சி ‘லேய்’ கூடாது, இனி எல்லோரும் ‘வோய்’ என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை போட்டது. ஆட்சி விழுந்ததும் லேய் திரும்பி வந்துவிட்டது. ஆனால் உத்தரவே இல்லாமல் மாறிய ஒரு சொல் இருக்கிறது. இன்றைக்கு உலகமெல்லாம் சொல்கிற ‘ச்சாவ்’. வெனிஸ் பக்கத்துப் பேச்சில் அதன் மூலம் ‘ஸ்ச்சாவோ’. அடிமை என்று பொருள். ‘உங்கள் அடிமை’ என்று குனிந்து சொன்ன வணக்கம் அது. நம்ம ‘அடியேன்’ மாதிரி. இன்று அதை முதலாளியும் சொல்கிறான், பாத்திரம் கழுவுகிறவனும் சொல்கிறான். ஒரு பக்கம் மட்டும் சொன்னவரைக்கும் அது அடிமைச் சொல். இரண்டு பக்கமும் சொல்லத் தொடங்கிய பிறகு வெறும் வணக்கம்.

இதையெல்லாம் எங்கள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அம்மாதான் முதலில் எதிர்த்தாள். ‘நீங்கன்னு கூப்பிட்டா கூலி கூடக் குடுப்பானாடி?’ கேட்க வேண்டிய கேள்விதான். இன்னொரு பாட்டி பதில் சொன்னார்: ‘கூலி கேக்குற வாயி முதல்ல சாமின்றத விடணும்ல?’ 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததை எல்லோரும் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆண் தலைவர்கள் தங்களுக்காகப் பேச வேண்டாம் என்று விலக்கிவிட்டு, தாங்களே பேசினார்கள். போனசும் வாங்கினார்கள். அந்த வருசம் தேயிலைத் தோட்டத் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் பேசினதை மந்திரி உட்கார்ந்து கேட்டார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று பெண்கள் தோட்டத்தில் ‘சாமி’ சொல்வதை நிறுத்தினார்கள். ‘தம்பி’ என்றார்கள். ‘வாடி’ என்று கூப்பிட்டால் திரும்பவில்லை. ‘அக்கான்னு கூப்பிடுங்க தம்பி, இல்ல பேரச் சொல்லுங்க’ என்றார்கள். ஒருத்திக்கு இரண்டு வாரம் ஜீப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு வாரமும் சங்கத்தில் அரிசி வாங்கிக் கொடுத்தோம். மற்ற இரண்டு பேரும் சொன்னதை மாற்றவில்லை. கடைசியில் கங்காணிப் பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். ‘டீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. ‘சாக்கக் கொண்டாந்து இங்க வைக்கணும்’, ‘அந்த வரிசைய முடிக்கணும்’ என்று ஆளே இல்லாமல் பேசுகிறான். தமிழில் அப்படியும் பேசலாம். இதைக் கேட்டு அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். ‘பாவம், அவனுக்குத் தொண்டையில சிக்கிக்கிச்சு’ என்றாள்.

இந்த வருசம் காய் எடுப்பு தொடங்கும்போது கொடுக்க ஒரு கோரிக்கை மனு தயாரித்தோம். முதல் கோரிக்கை கூலி. இரண்டாவது ஜீப்பில் ஆள் எண்ணிக்கை. மூன்றாவது தோட்டத்தில் கழிப்பறை. நான்காவதாக, ‘வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்க வேண்டும்’ என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அந்த வரியில் விரலை வைத்தாள்.

‘மூத்த பொம்பளைங்கன்னு எதுக்கு? வேலைக்கு வர்ற எல்லாரையும்னு எழுது.’

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.