நோட்டு நம் கையில், முள் யார் கண்ணில்?

போன மாதம் ஏற்காட்டில் பட்டா பிரச்சினைக்காகக் கூடியிருந்தோம். சேலத்தில் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து, "அண்ணா, இனிமே நம்ம நிலக் கணக்கை யாராலயும் திருத்த முடியாது. எல்லாத்தையும் பிளாக்செயின்ல ஏத்தப் போறாங்களாம்" என்றார். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "ஏத்தறது யாரு சாமி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். கார்த்திகை தொடங்கினால் பழம் பறிப்பு. சாயங்காலம் சாக்குகளைத் தராசில் தொங்கவிட்டு மேஸ்திரி எடையைக் கூவுவார். எழுதுபவர் ஒருவர். புத்தகமும் ஒன்று. சனிக்கிழமை கூலி வாங்கும்போது அம்மாக்களின் கணக்கில் மூன்று கிலோ, நான்கு கிலோ காணாமல் போயிருக்கும். கேட்டால், "புக்குல என்ன இருக்கோ அதுதான் கணக்கு" என்று ஒரே பதில்.

ஒரு பருவத்தில் எங்கள் அம்மாக்கள் ஒரு வழி கண்டார்கள். நான்கு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட நோட்டோடு தராசடியில் நிற்க வேண்டும். மேஸ்திரி கூவும் எடையை, யாருடைய சாக்காக இருந்தாலும், நால்வரும் எழுத வேண்டும். ராத்திரி நான்கு நோட்டையும் வாசித்துச் சரிபார்ப்போம். அந்தச் சனிக்கிழமை ஒரு அக்காவுக்கு 21 கிலோ என்றார்கள். நான்கு நோட்டிலும் 24 இருந்தது. கூலி 24 கிலோவுக்குக் கிடைத்தது.

பிட்காயின் வலைப்பின்னலின் அடிப்படையும் இதுதான். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளிவந்த யோசனை, 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அதில் வங்கியின் ஒற்றைப் பேரேடு கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் முழுக் கணக்கின் நகலை வைத்திருக்கின்றன. ஒருவர் பணம் அனுப்பினால் அந்தச் செய்தி கணினிக்குக் கணினி பரவுகிறது. பக்கத்துக் கணினி சொன்னதை எதுவும் அப்படியே நம்புவதில்லை. கையொப்பம் சரியா, இதே காசு ஏற்கெனவே செலவாகிவிட்டதா என்று ஒவ்வொன்றும் தன் நகலில் பார்க்கிறது. தவறென்றால் அங்கேயே தள்ளிவிடுகிறது.

சரியானவை ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டாகச் சேர்கின்றன. ஒவ்வொரு கட்டும் முந்தைய கட்டின் விரல்ரேகை போன்ற ஓர் எண்ணைச் சுமக்கிறது. பழைய பக்கத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அந்த ரேகை மாறும், பின்னால் வரும் கட்டுகள் எல்லாம் பொருந்தாமல் போகும். கட்டுகளை உருவாக்கப் பெரும் கணிப்பு உழைப்பு வேண்டும். பெரிய முதலாளிகள்தான் இன்று அதைச் செய்கிறார்கள். ஆனால் அவர்களே விதியை மீறிய கட்டைக் கொண்டுவந்தாலும், நகல் வைத்திருக்கும் சாதாரணக் கணினிகள் ஏற்காது.

அப்படியானால் தம்பி சொன்னது சரிதானே? பாதி சரி.

எங்கள் நோட்டுக் கதையில் இன்னொரு பாதி உண்டு. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் மேஸ்திரி எடையையே கூவுவார். நாங்கள் நால்வரும் அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டோம். நான்கு நோட்டும் ஒத்துப்போயின. நான்கிலும் இருந்தது ஒரே பொய்.

பிட்காயின் பிறந்ததும் வாழ்வதும் கணக்குக்குள்ளேயே. அதனால் கணக்கைப் பார்த்தே அதைச் சரிபார்த்துவிடலாம். காப்பிப் பழமும் நிலமும் கணக்குக்கு வெளியே இருக்கின்றன. அங்கே முள்ளைப் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. மின்னாளுமை முகமையின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் 65,000 சாதிச் சான்றிதழ்களை இப்படிப் பதிவதாக 2022இல் அறிவித்தார்கள். போலிச் சான்றிதழால் இடஒதுக்கீட்டை இழந்தவர்கள் நாம். இதை வரவேற்கிறோம். ஆனால் நகல்கள் எல்லாம் அரசின் கணினிகளிலேயே இருந்தால், அது மேஸ்திரியின் புத்தகத்தை நாலு பிரதி எடுத்து அவர் பெட்டியிலேயே வைப்பதுதான்.

பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் 1892இல் பிறந்த ஆணை அது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் பிறர் பெயருக்குப் போனது கள்ளக் கையெழுத்தால் மட்டுமல்ல. அதிகாரமுள்ள கையெழுத்தாலும் போனது. காரணை நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். களவு போன நிலத்தை இன்றைய பட்டாதாரர் பெயரிலேயே பிளாக்செயினில் ஏற்றினால், அந்தக் களவும் திருத்த முடியாததாகிவிடும்.

ஆகவே மூன்று கேட்கிறோம். ஏற்றுவதற்கு முன் பழைய ஆவணத்தையும் இன்றைய பட்டாவையும் கிராம சபையில் பக்கம் பக்கமாக வைத்து வாசியுங்கள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியல்லாதவருக்கு மாற்றும் பதிவைக் கணினியே தள்ளுமாறு விதியை மென்பொருளில் எழுதுங்கள். வருவாய்த் துறைக்கு வெளியேயும், நம் மக்கள் கையிலும் முழு நகல் இருக்கட்டும்.

அடுத்த பருவத்தில் எங்கள் அம்மாக்கள் நோட்டை மட்டும் நம்பவில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு சிறுமியைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேஸ்திரி வாய் திறப்பதற்குள் அவள் முள்ளைப் பார்த்து எடையைக் கூவிவிடுவாள்.

அக்காவின் கேள்விக்கு எங்கள் பதில் அதுதான். ஏற்றும் இடத்தில் நாம் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.