பதினேழாயிரம் ஆண்டுப் பயணம்

மே, ஜூன் மாதங்களில் முன்னிரவு நேரத்தில் தெற்கு நோக்கி நின்றால், நம் நாட்டு வானில் தென் சிலுவை விண்மீன்களைக் காணலாம். அவற்றுக்கு இடப்புறம், சற்று உயரத்தில் மங்கலான புள்ளி ஒன்று இருக்கும். பண்டைய அறிஞர் தாலமி அதை ஒரு விண்மீன் என்றே குறித்து வைத்தார். 1677இல் எட்மண்ட் ஹேலி, செயின்ட் ஹெலினா தீவிலிருந்து அதை ஆராய்ந்து, அது சாதாரண விண்மீன் அன்று எனப் பதிவு செய்தார். உண்மையில் அது ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்துபோல் திரண்டிருக்கும் கூட்டம். அதன் பெயர் ஒமேகா செண்டாரி.

அதைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் வசிக்கும் கோலாலம்பூரில் அந்தப் புள்ளி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, ஜூன் மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவில் நண்பருடன் மெர்சிங் கடற்கரைக்குச் சென்றேன்.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோல் தோன்றுகின்றன. அவற்றைப் பின்தொடர்வதற்காகத் தொலைநோக்கியின் தாங்கியில் மோட்டார் உண்டு. அத்தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். வடக்கே உள்ள நாடுகளில் துருவ விண்மீனைப் பார்த்து அதைச் சரிசெய்வார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டிலோ, அந்த விண்மீன் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும், பெரும்பாலும் தென்படாது. எனவே, வேறு விண்மீன்களின் நகர்வைக் கவனித்துச் சிறிது சிறிதாகத் திருத்தினோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிறகு, ஒவ்வொன்றும் முப்பது விநாடி ஒளியைப் பதிக்குமாறு அறுபது படங்கள் எடுத்தோம். தனித்தனியே பார்த்தபோது அவை தெளிவின்றி இருந்தன. கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்ததும், கறுப்புத் துணியில் சீனியைச் சிந்தியதுபோல் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் தெரிந்தன. இடையிடையே செம்மஞ்சள் நிறத்தில் தெரிந்தவை முதுமை அடைந்த விண்மீன்கள். நம் சூரியனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். இக்கூட்டத்தின் பெரும்பாலான விண்மீன்களோ 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை!

அப்படத்தில் பதிந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தொலைவைக் கடந்து வரும் ஒளி, பயணத்தின் கடைசி நொடியில் நம் நகர விளக்குகளின் வெளிச்சத்தில் அமிழ்ந்துவிடுகிறது. விளக்குகள் நமக்குத் தேவைதான். ஆனால், வானத்தை நோக்கிச் சிதறும் வெளிச்சத்தால் யாருக்கும் பயனில்லை. வெளிச்சம் தரையில் மட்டும் விழுமாறு விளக்குகளுக்கு மறைப்பு அமைக்கலாம். தேவையற்ற விளக்குகளை அணைக்கலாம். நெடுந்தொலைவிலிருந்து வரும் அந்த ஒளிக்கு நாம் செய்யக்கூடிய வரவேற்பு இதுவே.