மகரகமைக்கு ஒரு பயணம்

முல்லைத்தீவில் இரவு ஏறிய பஸ் விடியற்காலையில் புறக்கோட்டையில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ். கிருலப்பனை, நுகேகொடை தாண்டி மகரகமையில் இறங்கினால் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சை இலவசம். ஆனால் வந்துபோகக் காசு வேண்டுமே!

நான் கூடப் போனது எங்கள் பகுதிச் சமூக சேவகி ஒருவருடன். அவரோடு ஒரு தாயும் ஆறு வயது மகனும். மகனுக்கு இரத்தப் புற்றுநோய். அந்தத் தாய் 2009இல் தகப்பனையும் அண்ணனையும் பறிகொடுத்தவர். கணவருக்குக் கடற்றொழில். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறந்தது வடக்குக்குப் பெரிய ஆறுதல்தான். எனினும் இச்சிறுவனை மகரகமைக்கே அனுப்பியிருந்தார்கள்.

"காய்ச்சல் விட்டிட்டுது அக்கா, சாப்பிடுறான். இனியும் ஏன் வரவேணும்?" என்று பஸ்ஸிலேயே கேட்டார் தாய்.

சமூக சேவகி பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருடங்கள் மருந்து எடுக்கவேண்டும். முதல் மாதத்திலேயே முகம் தெளிந்துவிடும். நோய் உள்ளே ஒளிந்திருக்கும். இடையில் நிறுத்தினால் திரும்பி வரும். அப்போது மாற்றுவது கடினம்.

"தங்கச்சி, முளைச்ச பயிருக்குத் தண்ணியை நிப்பாட்டுவியளோ?" என்றார் அவர். தாய் பதில் சொல்லவில்லை.

கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னதை அவர் தமிழில் திருப்பிச் சொன்னார். காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை மூன்று தரம் சொன்னார். மற்றப் பிள்ளைகளுக்கு இது தொற்றாது என்பதையும் சொன்னார். அயலவர் பயத்தில் விலகியிருந்தார்களாம்.

மத்தியானம் வாங்கில் இருந்தபோதுதான் தன்னைப் பற்றிக் கதைத்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுமி. தாய் சிகிச்சையை நிறுத்திவிட்டார். மூன்று முறை வீடு தேடிப் போனாராம். நான்காம் முறை போனது செத்தவீட்டுக்கு. "அவவின்ர கீறல் கொப்பி இப்பவும் என்ர பேக்குக்குள்ள கிடக்கு. அண்டைக்கு என்னை ஒருத்தரும் சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்லை."

உதவி செய்கிறவருக்கு உதவி வேண்டாமா? இப்போது அவரும் வேறு நான்கு சேவகிகளும் மாதத்தில் ஒருநாள் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். கதைப்பார்கள், அழுவார்கள், சமைத்துச் சாப்பிடுவார்கள். சிகிச்சை முடித்துச் சுகமான ஒரு பிள்ளையின் தாயும் வருகிறார். புதிய தாய்மாருக்குப் போன் எடுத்துத் தைரியம் சொல்வது அவர்தான். அவர் சொன்னால் எடுபடுகிறதாம்.

பின்னேரம் மீண்டும் 138. சிறுவன் தூங்கிவிட்டான். நுகேகொடை தாண்டும்போது தாய் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த கிளினிக் எத்தினையாந் திகதி அக்கா? அவர் கடலுக்குப் போகாமல் பிள்ளையளோட நிக்கவேணும்."

சமூக சேவகி கொப்பியை விரித்துத் திகதியைக் காட்டினார்.