முத்திரை குத்தாத மூட்டை

சான்றிதழ் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்ம ஊர் மனுஷனுக்கு முதலில் வருவது மரியாதை இல்லை, அலுப்பு! பிறந்ததற்கு ஒன்று, ஜாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று. பென்ஷன்காரராக இருந்தால் 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வருஷா வருஷம் காட்டுவதற்கு ஒன்று. ஆள் எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார், ஆனாலும் பேப்பர் வேண்டும். இந்த லட்சணத்தில், 'உங்கள் நெல்லுக்கும் ஒரு சான்றிதழ் வாங்கலாம்' என்று ஒருவர் வந்து சொன்னால் விவசாயி என்ன செய்வார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்.

என் பெரியப்பா நடையைக் கட்டவில்லை. உட்கார்ந்து கேள்வி கேட்டார். அதுதான் வந்தவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அரக்கோணம் லோக்கலில் திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டினால் செவ்வாப்பேட்டை ரோடு. ஜன்னலோரம் இடம் கிடைத்த பாக்கியசாலிகள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் நெல் வயல், அதை ஒட்டி கலர் கலராகக் கொடி கட்டிய வீட்டுமனை. ஆறு மாசம் கழித்துப் பாருங்கள், கொடி நாலடி நகர்ந்து வந்திருக்கும், வயல் நாலடி பின்வாங்கியிருக்கும். இதற்கு நடுவில் பெரியப்பாவுக்கு சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீர் விட்ட வழியில் பயிர்.

நான் பக்கத்திலேயே காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். போன வருஷம் ஆடி மாசம், இயற்கை நெல்லுக்குக் குழு சேர்க்கிறோம் என்று ஒரு தம்பி ஊருக்கு வந்தார். அக்ரி படித்தவர், ரொம்ப மரியாதையானவர். 'நீ கம்பெனிக்காரன், பேப்பர் படிக்கத் தெரிஞ்சவன், வந்து உக்காரு கண்ணு' என்று பெரியப்பா என்னையும் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்.

தம்பி தெளிவாகத்தான் சொன்னார். நாட்டில் இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, 2001ல் ஆரம்பித்த தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். சான்றளிக்கும் நிறுவனம் வெளியிலிருந்து ஆள் அனுப்பி சோதிக்கும். ஏற்றுமதிக்கு இதுதான் செல்லும். நம் மாநிலத்தில் இந்த வேலைக்கென்றே அரசுத் துறை ஒன்று கோயமுத்தூரில் இருக்கிறது. இன்னொன்று பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு முறை. அஞ்சு பேருக்குக் குறையாமல் விவசாயிகள் குழு சேர்ந்து, ஒருத்தர் வயலை இன்னொருத்தர் பார்த்து, 'சரியாத்தான் செய்யறார்' என்று எழுதித் தருவது. செலவு குறைவு.

'ரெண்டுமே கட்டாயம் இல்லீங்க ஐயா. உங்க விருப்பம்தான்.'

'விருப்பம்னா எதுக்குப்பா கையெழுத்து?' என்றார் பெரியப்பா. அங்கே ஆரம்பித்தது.

'ரசாயனத்தை நிறுத்தின உடனே சான்றிதழ் குடுத்துடுவீங்களா?'

'இல்லீங்க. நெல்லு மாதிரிப் பயிருக்கு, வெதைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் மாறுதல் காலம்.'

'அந்த ரெண்டு வருஷமும் யூரியா போடக் கூடாது. மகசூல் கொறையும். ஆனா முழு ஆர்கானிக்னு சொல்லி விக்கவும் முடியாது. அப்ப அந்த நஷ்டம் யார் கணக்கு?'

தம்பி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

அடுத்தது குத்தகை. 'ரெண்டு ஏக்கரு வாய்ப்பேச்சுல ஓடுது. பட்டா அவரு பேர்ல, பயிரு என்னுது. மண்ணை ரெண்டு வருஷம் நான் சுத்தம் பண்ணுவேன், மூணாவது வருஷம் அவரு கொடி நட்டுட்டாருன்னா?' இதற்கு எந்தப் புஸ்தகத்தில் பதில் இருக்கிறது? தமிழ்நாட்டில் எத்தனையோ வயலில் உழுகிறவர் ஒருத்தர், சிட்டாவில் இருக்கிறவர் வேறொருத்தர். சான்றிதழோ காகிதத்தில் இருக்கிறவரைத்தான் தேடி வரும்.

பி.ஜி.எஸ். முறையாவது பிடிக்கும் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். 'பக்கத்து வயல்காரன் மருந்து அடிச்சான்னு நான் எழுதிக் குடுக்கணும். சரி. நாளைக்கு என் வயலுக்கு மடை தொறக்க அவன் தயவு இல்லாம முடியுமா? எழுதினா பகை, எழுதாட்டி பொய். எதைச் செய்ய?'

கேட்க ஜோக் மாதிரி இருக்கும். ஆனால் அறையில் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களுக்கு இந்த மடை தெரியாது. ஒரே வாய்க்கால்தான் இவர் வயலிலும் ஓடும், அவர் வயலிலும் ஓடும்.

நெல்லுக்கு இன்னொரு தனிச் சங்கடம் உண்டு. மிளகு, காப்பிக்கொட்டை என்றால் சின்ன மூட்டை, பெரிய விலை, தனியாக வைத்து அனுப்பிவிடலாம். நெல் அப்படி இல்லை. களத்திலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து மில்லுக்கு. ஊர் நெல்லெல்லாம் ஒரே தொட்டியில் விழும். சான்றிதழோடு கடைக்குப் போக வேண்டுமென்றால் அரைக்கிற மில்லும் அந்தச் சங்கிலிக்குள் வர வேண்டும், இயந்திரத்தைச் சுத்தம் செய்து தனியாக அரைக்க வேண்டும். நாற்பது மூட்டைக்காக எந்த மில்காரர் மெஷினை நிறுத்துவார்?

சரி, கொள்முதல் நிலையத்தில் போடலாமே என்றால், அங்கே எடை போடுகிறவர் கேட்பது ரகம், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான். 2025-26 சீஸனில் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. யூரியா போட்டதா, பஞ்சகவ்யம் தெளித்ததா என்று ஒரு மூன்றாவது விலை அந்தப் பலகையில் கிடையாது.

நான் கம்பெனியில் பார்ப்பதும் சான்றிதழ் வேலைதான். அதனால் பெரியப்பாவின் சந்தேகம் எனக்குப் புதுசில்லை. முன்பு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கண்ணால் பார்த்தேன். ஆடிட்டுக்கு முதல் நாள் ராத்திரி, மூன்று மாச ரிஜிஸ்டரை ஒரே ஆள் ஒரே பேனாவில் எழுதி முடித்தார். மறுநாள் வந்த ஆடிட்டர் கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்! ஆனால் ஒன்று. ஆடிட்டுக்கு ஆகிற செலவைக் கம்பெனி சரக்கு விலையில் ஏற்றிவிடும். பெரியப்பா எதில் ஏற்றுவார்? வாங்குகிறவர் சொல்வதுதான் அவருக்கு விலை.

'நம்ம ஆளுங்க பழமைவாதிகள் சார், அதான் பயப்படறாங்க' என்று ஆபீஸில் ஒரு நண்பர் சொன்னார். அவருக்குக் கனடா கதையைச் சொன்னேன். அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோதுமை போடுகிறவர்கள், ஏ.சி. டிராக்டரில் உட்கார்ந்து உழுகிறவர்கள். 2020 கடைசியில் 'பொறுப்பான தானியம்' என்று ஒரு நடத்தை விதி வரைவு வெளியானது. உரம், மருந்து, மண், தண்ணீர் எல்லாவற்றுக்கும் நல்ல பழக்கங்கள், எல்லாம் விருப்பத்தின் பேரில். அந்த விவசாயிகள் ஒரே குரலில் கேட்டார்கள்: 'இன்றைக்கு விருப்பம் என்பீர்கள், நாளைக்கு இது இல்லாமல் வாங்க மாட்டோம் என்றால்? கூடுதல் விலை எங்கே?' எதிர்ப்பு வலுத்து, வரைவைத் திரும்ப எடுத்துப் போக வேண்டியதாயிற்று. செவ்வாப்பேட்டைத் திண்ணையில் கேட்ட கேள்வியேதான், இங்கிலீஷில்!

அரிசிக்கும் உலக அளவில் ஒன்று இருக்கிறது. 2011ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து ஆரம்பித்த சஸ்டெய்னபிள் ரைஸ் பிளாட்ஃபார்ம். 2015ல் நெல்லுக்கென்றே ஒரு தர விதி கொண்டுவந்தார்கள். பிறகு திருத்தியதில் 41 நிபந்தனைகள். அதில் வருகிற ஒரு நல்ல விஷயம், வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டாமல் இடையிடையே காய விடுவது. மீத்தேன் வாயு குறையும். இதைப் பெரியப்பாவிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். 'காய்ச்சலும் பாய்ச்சலும்னு என் அப்பா காலத்துலேருந்து செய்யறதுதானே? கரன்ட் போனா வயல் தானா காயுது!' செய்வது அவருக்குக் கஷ்டம் இல்லை. எந்தத் தேதியில் காய்ந்தது, எந்தத் தேதியில் பாய்ந்தது என்று நோட்டில் எழுதுவதுதான் கஷ்டம்.

அப்படி எழுதியும் மேலே இருக்கிறவர்கள் சறுக்கினால் அடி யாருக்கு? 2021ல் அமெரிக்கா நம்ம தேசிய இயற்கைத் திட்டத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதே வருஷக் கடைசியில், எள்ளில் எத்திலீன் ஆக்சைடு தென்பட்ட விவகாரத்தை அடுத்து, இந்தியாவில் வேலை செய்த ஐந்து சான்றளிப்பு நிறுவனங்களை ஐரோப்பிய யூனியன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களிடம் சான்றிதழ் வாங்கிய விவசாயி ஒழுங்காகத்தான் பயிர் வைத்திருப்பார். அந்தக் காகிதம் மட்டும் ஐரோப்பாவில் செல்லாக்காசு.

அதற்காக சான்றிதழே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். நம்மையே பார்ப்போமே. அம்பத்தூரிலோ அண்ணா நகரிலோ உட்கார்ந்திருக்கிற நாம் வயலைப் பார்த்ததில்லை, ஆளைப் பார்த்ததில்லை. கடையில் பச்சை எழுத்தில் 'ஆர்கானிக்' என்று போர்டு இருந்தால் இரண்டு மடங்கு கொடுத்து வாங்கி வருகிறோம். முத்திரை இருந்தால் தப்பு நடந்த இடத்தைத் தேடிப் பிடிக்க ஒரு நூலாவது இருக்கும். முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் காகிதம் வேண்டும்தான். அந்தக் காகிதத்தின் செலவும் பயமும் முழுக்க ஒரே பக்கத்தில் விழுவதுதான் கோளாறு.

முகம் தெரிந்துவிட்டால்? சட்டத்திலேயே அதற்கு ஒரு சின்ன வாசல் இருக்கிறது. 2017ல் வந்த இயற்கை உணவு விதிகளின்படி, வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேல் வியாபாரம் போகாத சிறு விவசாயி நேராக சாப்பிடுகிறவரிடமே விற்றால் சான்றிதழ் இல்லாமல் விற்கலாம். 'ஜைவிக் பாரத்' முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ள முடியாது.

அந்த வாசலில் நுழைந்து பார்த்தோம். சம்பா பட்டத்தில் சொந்த நிலத்தில் அரை ஏக்கர், தூயமல்லி, ரசாயனம் இல்லாமல். என் ஆபீஸில் ஐந்து குடும்பங்கள் பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டியோடு வந்து வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து, வயலைப் பார்த்தார்கள். தை மாசம் எட்டு மூட்டை. சின்ன ஹல்லர் மில்லில் அரைத்துப் பிரித்துக்கொண்டோம். விலையைப் பெரியப்பா சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். அவர் வாழ்க்கையில் அது நடந்தது அதுதான் முதல் தடவை என்று பெரியம்மா சொன்னார்கள்.

ஆனால் அரை ஏக்கர்தான். மீதி மூன்று ஏக்கருக்கும் ஐந்து குடும்பம் போதாது, ஐம்பது வேண்டும். குத்தகை நிலத்துக்காரர் வேறு, 'இந்த வருஷம் ஓட்டிக்குங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 'பார்க்கலாம்' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கொடியைப் பார்த்தால் தெரியும்.

குழு சேர்க்கிற தம்பி அறுவடைக்கு அப்புறம் இன்னொரு தடவை வந்தார். பெரியப்பா அவருக்கு அந்தத் தூயமல்லியில் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்:

'எனக்கு சான்றிதழ் மேல கோவம் இல்லப்பா. வாங்கறவங்களையும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லு. மூணு வருஷத்துக்கு இந்த வெலைக்கு வாங்கிக்கறேன், ஏமாத்த மாட்டேன்னு. அதுல அவங்க கையெழுத்து போடட்டும். அதுக்குக் கீழயே நான் போடறேன்.'

தம்பி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தேதியும் போட்டார்.