நீலம்

2014-ல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு கவிதையில் நீலப்பனி என்று வந்தது. பனி வெள்ளை நிறம், தான் பார்த்திராததை எழுதப்போகிறவனுக்குச் சொல் மட்டுமே மிஞ்சும் என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. நண்பர்களும் மெச்சினார்கள். கவிஞர் என் வங்கியிலேயே வேறு கிளையில் இருப்பவர். அவர் பதில் எழுதவில்லை. பிறகு கவிதையும் எழுதவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று நினைப்பது அகந்தை. எனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பது சௌகரியம்.

பனியை அப்போது நானும் பார்த்ததில்லை. பி.ஏ. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் பார்த்தது, ஃபிரிட்ஜில் பார்த்தது, இவ்வளவுதான் என் யோக்கியதை.

2023 ஜூலையில், சியாட்டிலில் இருக்கும் அக்கா அம்மாவையும் என்னையும் கப்பலில் அலாஸ்காவுக்கு அழைத்துப் போனாள். செலவு அவளுடையது. கிளேஸியர் பே விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் தேசியப் பூங்காவின் அலுவலர்கள் படகில் வந்து ஏறிக்கொண்டு ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினார்கள். இருபுறமும் மலை. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. மனிதர் அற்ற வெளி என்று மனசுக்குள் ஒரு கட்டுரை தொடங்கிவிட்டது.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று, எல்லோரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பியது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமான சுவர். ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுந்ததைப் பார்த்த பிறகுதான் ஓசை வந்தது. சால்வைக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: “ஏன்டா, ஐஸ் இப்படி நீலமா இருக்கு?”

நீலமாகத்தான் இருந்தது. வெடிப்புகளுக்குள்ளே இன்னும் அடர்த்தியாக. வருஷக்கணக்கில் மேலே மேலே விழுந்த பனி தன் பாரத்தாலேயே அழுந்தி, காற்றுக் குமிழிகள் பிதுங்கி வெளியேறி இறுகிவிடுகிறதாம். அப்படி இறுகிய ஐஸ் ஒளியில் சிவப்பை விழுங்கிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

மனிதர் அற்ற வெளியும் நிலைக்கவில்லை. ஹூனா ட்லிங்கிட் மக்கள் இங்கே வாழ்ந்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. 1794-ல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது விரிகுடாவின் வாயருகிலேயே பனிச்சுவர் நின்றது. 1879-ல் ஜான் ம்யூர் வந்தபோது அது 50 கிலோமீட்டருக்குக் குறையாமல் பின்வாங்கியிருந்தது. இப்போது 100 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பார்ட்லெட் கோவ் கரையில் 2016-ல் அந்த மக்களின் குல இல்லம் ஒன்று மீண்டும் எழுந்தது. விரிகுடாவுக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் உண்டு: பனியாறு இருந்த இடத்து விரிகுடா. நான் வெறுமை என்று படித்துக்கொண்டிருந்த இடத்தில் அவர்களுக்கு ஊர் இருந்தது.

திரும்பி வந்ததும் தொகுப்பைத் தேடி எடுத்தேன். பனி நீலம்தான், மன்னிக்கவும் என்று ஒரு கார்டு போட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். கவிதையைப் படித்தேன். அதில் மலை இல்லை, பனியாறு இல்லை. கண்ணாடி மூடி இருக்கிறது. மூடியில் படிந்த ஈரத்தை ஒருவர் துணியால் துடைத்துக்கொண்டேயிருக்கிறார். மாலை சார்த்த இடமில்லாமல் காலடியில் வைக்கிறார்கள். கடைசி வரியில் தம்பி என்ற சொல் இருக்கிறது. அவருடைய நீலப்பனி, கூடத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டி. அவர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். நான் முதல் நான்கு வரிகளைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

அலாஸ்கா போகாமலேயே இது தெரிந்திருக்க வேண்டும். தொகுப்பு என் அலமாரியில்தான் இருந்தது.

அவருக்குக் கடிதம் எழுதினேன், பனியாற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல். பதில் இல்லை. எழுதாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு. மதிப்புரை அச்சில் வந்தது. ஆகவே இதுவும் அச்சில் வரட்டும்.