கடல் எமக்கும் உரியதே

மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவு எமது பெண்களுக்குப் புதிய பெயரல்ல. பணிப்பெண்களாக அங்கு சென்றோர் பலர். அதே தீவுக்கு ஐரோப்பியப் பெண்கள் நீந்தவும் படகோட்டவும் விடுமுறையில் வருகின்றனர். கடல் மகிழ்வதற்கும் உரியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்காகச் சைப்பிரஸ் வரை போக வேண்டியதுமில்லை.

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவில் கடல் இல்லை. மகாவலியும் குளங்களும் வயல்களும் யானைகளுமே உள்ளன. இங்கிருந்து மகியங்கனை, மகாஓயா, செங்கலடி வழியாகப் பாசிக்குடாவை அடையலாம். எமது மகளிர் குழுவினருடன் ஒரு வைகாசி மாதம் அங்கு சென்றேன்.

பாசிக்குடா ஆழம் குறைந்த குடா. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவுதான். 2004 ஆழிப்பேரலையும் யுத்தமும் இக்கரையை வெறிச்சோட வைத்தன. 2009இன் பின்னரே பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. படகுச் சவாரியும், மூச்சுக்குழாய் அணிந்து பவளப் பாறைகளைப் பார்ப்பதும் இங்கு உண்டு.

நாங்கள் கொண்டுபோனது சோற்றுப் பார்சலும் மாற்றுடையும் மாத்திரமே. குறுக்குக்கட்டுடன் எல்லோரும் இறங்கினோம். கணவனை இழந்த ஒரு சகோதரி மட்டும், “ஊர் என்ன சொல்லும்?” என்று பைகளுக்குக் காவலிருந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்ததும் இறங்கினார். பின்னர் அவரைக் கரையேற்றத்தான் நாங்கள் பாடுபட்டோம்.

ஆற்றிலும் குளத்திலும் குளித்து வளர்ந்த எம்மில் இருவருக்கே நீந்தத் தெரிந்திருந்தது. இது சிறிய விடயமன்று. ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்கள் இறந்ததாக ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் தெரிவித்தது. பெண்கள் பலருக்கு நீந்தவோ மரமேறவோ தெரியாதிருந்தமை ஒரு காரணம். விளையாட்டாகக் கற்பது உயிரையும் காக்கும்.

அறுகம்பையில் அலைச்சறுக்கு நெடுங்காலம் ஆண்களின் விளையாட்டாகவே இருந்தது. 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அது. “கறுத்துப் போவாய், வீட்டிலிரு” என்ற பேச்சுகளைத் தாண்டித் தாய்மாரும் பலகையில் ஏறினர்.

சகோதரிகளே, கிழக்குக் கடலுக்கு வைகாசி முதல் ஆவணி வரை செல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். படகில் ஏறுமுன் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு அணியுங்கள். தனியே இறங்காதீர்கள். முதலில் மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, நீந்தக் கற்றுக்கொடுங்கள். இழந்தவை திரும்பி வரப் போவதில்லை. ஆனால் ஒருநாள் மகிழ்ந்திருக்க எவரிடமும் நாம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.