கோட்டை போன வழியில் ஒரு மரப்பாலம்

பதுளையிலிருந்து ஹாலிஎலைக்குப் போய், அங்கிருந்து உள்ளே பிரியும் சாலையில் சென்றால் ஜகுல்ல என்ற சிற்றூர் வரும். போகொட விகாரையின் படிக்கட்டில் ஆற்றங்கரைக்கு இறங்கினால், ஓடு வேய்ந்த கூரையோடு ஒரு மரப்பாலம் நிற்கிறது. கீழே ஓடுவது உமா ஓயாவோடு சேரும் கல்லந்த ஓயா. பாலத்தின் நீளம் சுமார் 15 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேர் எதிரெதிரே நடக்கலாம். காவடித் தண்டில் சுமை தொங்கவிட்டு ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும்.

இலங்கையில் இன்று நிற்கும் மரப்பாலங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 400 ஆண்டுகளுக்குக் குறையாத வயது இதற்குச் சொல்லப்படுகிறது. பலகைகளை இணைக்க இரும்பு ஆணி கிடையாது. மரத்தில் துளை போட்டு, கழுந்தைச் செருகி, மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அலங்கார வேலைப்பாடுள்ள கைப்பிடிக் கிராதி. அதற்கு மேலே தூண்கள், உத்தரம், கைமரம், ஓடு. ஆற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய அடிமரம் எழுந்து பாலத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஒரே மரத்தை வெட்டி முழுப் பாலத்தையும் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. ஆனால் பாலத்தில் பலாவும் இருக்கிறது, மருதும் இருக்கிறது. கதை அந்த அடிமரத்தைப் பார்த்துப் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரம் தெரிந்த கைகள் கட்டிய பாலம் இது. மருது ஆற்றோரத்திலேயே வளரும் மரம், ஈரத்துக்குப் பழகியது. வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் எளிதில் தொடாது. இத்தனையும் தெரிந்தவர்கள்தான், நல்ல மரத்தைக்கூட மழையில் நனைய விடக்கூடாது என்று மேலே கூரையும் போட்டார்கள். மரப்பாலம் முதலில் உளுப்பது பொருத்துகளில். கழுந்து துளைக்குள் இறங்கும் இடத்தில் நீர் தங்கினால் வெளியே தெரியாமலே மரம் மக்கிவிடும். கூரை அந்த இடங்களைக் காய்ந்தபடி வைத்திருக்கிறது. வழிப்போக்கருக்கு நிழலும் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த மரப்பாலத்துக்கும் இப்படித்தான் கூரை போட்டார்கள். அந்தப் பாலத்தின் பெரும்பகுதி 1993-இல் தீயில் போயிற்று, மறுபடி கட்டினார்கள்.

கூரையின் ஓடு இன்னொரு செய்தியும் சொல்கிறது. கண்டி அரசில் ஓடு வேய்வது எல்லோருக்கும் வாய்த்த உரிமை இல்லை. அரண்மனைக்கும் கோயில்களுக்கும் அரசன் அனுமதித்தவர்களுக்கும் மட்டுமே ஓட்டுக் கூரை, குடிமக்களின் வீட்டுக்கு வைக்கோலும் இலுக்குப் புல்லும்தான். ஒரு சிற்றாற்றின் மேல் இருக்கும் பாலத்துக்கு ஓடு கிடைத்திருக்கிறது என்றால் அது சாதாரண ஒற்றையடிப் பாதையாக இருந்திருக்க முடியாது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழி இந்தப் பாலத்தின் மேல்தான் போனது.

அந்த வழியில் யாரும் நினைத்தபடி நடந்துவிட முடியாது. மலைநாட்டுக்குள் நுழையும் பாதைகளில் கடவத்தைகள் இருந்தன. முள்மரத்தால் கட்டிய கதவைத் தூக்கினால்தான் உள்ளே போகலாம், காவல்காரன் பார்த்து விட்டால்தான் கதவு எழும். 1660-இல் பிடிபட்டு 19 ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ் இந்த முள்கதவுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வழிச்சீட்டு களிமண்ணில் பதித்த முத்திரையாம். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனித உருவம். கூலியாளுக்குத் தண்டின் இரு முனையிலும் பை தொங்கவிட்டுச் சுமக்கும் உருவம். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் இடுப்பில் வாளும் உள்ள உருவம். எழுத்துத் தெரியாத காவல்காரனும் ஆளைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, ஒப்பிட்டுக் கொள்ளலாம். எல்லைக் காவலும் செய்திப் போக்குவரத்தும் ஒரே கதவில் கூடிய ஏற்பாடு அது. நொக்ஸ் 1679-இல்தான் தப்பினார்.

நொக்ஸ் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, பதுளையை உள்ளடக்கிய ஊவா ஒரு பெரும் படையெடுப்பைப் பார்த்துவிட்டது. 1630-இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையைக் கொளுத்தினான். திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில், அவனும் அவன் படையும் அழிந்தார்கள். மரத்தாலும் மண்ணாலும் ஆன ஊர் ஒரு நாளில் எரிந்துபோகும் என்பதை ஊவா அன்றே கண்டது.

1815-இல் கண்டி பிரிட்டிஷார் கைக்குப் போனது. மூன்று ஆண்டு கழியுமுன், 1817 செப்டம்பரில், பதுளையிலிருந்து வெல்லசப் பக்கம் போன அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் அம்பு பட்டு இறந்தார். கலகம் மூண்டது. அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிபொல கலகக்காரர் பக்கம் போனார். படைக்கு மிகவும் தேவையாக இருந்தது வழி. கண்டியிலிருந்து பதுளைக்குக் கடிதம் போகவேண்டும், அரிசி போகவேண்டும், நோயாளி திரும்பி வரவேண்டும். மலைப்பாதையில் நான்கு பேர் மரத்தை வெட்டிச் சாய்த்தாலே வழி அடைந்துவிடும். தபால் ஓட்டக்காரர் தனியாகப் போனால் திரும்புவாரா என்பது தெரியாது. அதனால் பாதை நெடுகிலும் நடைதூரத்தில் சிறு காவல் அரண்களை எழுப்பினார்கள். கிடைத்த மண்ணும் மரமும் ஓலையும்தான் கட்டுமானப் பொருள்.

அவற்றில் ஒன்றின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பரணகமவில் மேஜர் மெக்டொனால்ட் என்பவர் சுமார் 60 வீரரோடு, கெப்பெட்டிபொலவின் ஆயிரக்கணக்கான ஆட்களை எதிர்த்து, 1818-இன் தொடக்கத்தில் 8 நாள் தாக்குப்பிடித்தார். அதன் பிறகு அந்த இடம் ஃபோர்ட் மெக்டொனால்ட் ஆனது. மறு ஆண்டு அவ்வழியே போன இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, 1821-இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவரே இன்னொரு கணக்கும் தருகிறார். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். போரிலும் தூக்கிலும் நோயிலும் பட்டினியிலும் மாண்ட ஊர்மக்கள் அதற்குப் பத்து மடங்கு, 10,000 வரை இருக்கலாம் என்கிறார். வயல்களும் பழமரங்களும் வீடுகளும் திட்டமிட்டு அழிக்கப்பட்டன. கெப்பெட்டிபொல அந்த நவம்பரில் கண்டி போகம்பரையில் தலை வெட்டப்பட்டார். அவரையும் தோழர்களையும் துரோகிகள் என்று அறிவித்த 1818-ஆம் ஆண்டு வர்த்தமானி 2016-இல்தான் மாற்றப்பட்டது. மெக்டொனால்டின் துணிவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த 10,000 பேரையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டையும் சொன்னவர் டேவி. பின்னால் வந்தவர்கள் பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மேஜரின் பெயர் பள்ளத்தாக்குக்கும் ஆற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அரணின் மரக்காலோ கூரையோ எதுவும் மிஞ்சவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் வயோமிங்கில் ஃபோர்ட் பிரிட்ஜர் என்ற இடம் இருக்கிறது. 1843-இல் வணிகக் கடையாகத் தொடங்கி, 1858-இல் படைநிலையமாகி, 1860-61-இல் ஓடிய குதிரைத் தபாலுக்கு வழிநிலையமாகவும் இருந்தது. 1890-இல் படை வெளியேறியது. மரக்கட்டை அடுக்கிக் கட்டிய அதிகாரி வீடு அங்கே இன்றும் பார்வைக்கு இருக்கிறது. வறண்ட உயர்நிலம், கடுங்குளிர், கறையானுக்கு அங்கே வேலையில்லை. ஊவாவில் வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம், கறையான் மறுபக்கம். ஆனால் தட்பவெப்பம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போகொடப் பாலமும் இதே மழையில்தான் நிற்கிறது. அரணைக் கட்டியவர்களுக்கு அது சில மாதத் தேவை. படை போனபின் ஓலை மாற்ற அந்த ஊரில் யாருக்கும் மனம் இருந்திருக்காது. பாலத்தை விகாரைக்குப் போகிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் நாள்தோறும் மிதித்தார்கள், ஓடு நழுவியபோது பார்த்தார்கள்.

அரண்கள் போனபின் வழிகள் அகலமாயின. பதுளையில் படைத்தலைவராகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஊவாவின் சாலைகளைத் திறந்தார். யானை வேட்டையில் 1,400 யானை வரை கொன்றார் என்பதற்காகவே இன்று அவரை நினைக்கிறார்கள், அது நினைவிலிருந்து மறையக்கூடாத கொடுமைதான். 1845 ஜூன் 7-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது.

அந்தச் சாலைகளில்தான் மலையகத் தமிழரான எங்கள் முன்னோர் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக மலையேறி, பசறைக்கும் மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் கோப்பித் தோட்டம் போடப் போனவர்கள். துரைக்கு வரும் தபால் பையைத் தோளில் போட்டு மலையிறங்கி ஏறியவரும் தோட்டத்து ஆள்தான். ஊரிலிருந்து கங்காணி வீட்டுக்கு வந்த கடிதமும் அதே பையில்தான் லயத்துக்கு ஏறியது. 1924-இல் ரயில் பதுளையைத் தொட்டபின் தூரத்துத் தபால் தண்டவாளத்தில் போனது. நிலையத்திலிருந்து தோட்டம் வரை ஆள் நடந்தபடியே இருந்தார். இந்த மலையில் எத்தனையோ வழிகளைச் சமைத்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள், போகொடவுக்குச் சுற்றுலாப் பயணியைப்போல வந்து படமெடுத்துத் திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வழியின் கதையில் நாங்களும் இருக்கிறோம்.

பாலத்துக்கு இப்போது வேண்டியது புகழ்ச்சியல்ல, தச்சர். உளுத்த கைமரத்தை எடுத்துவிட்டு அதே அளவில் வைரப் பலாவை இழைத்து, கழுந்து வெட்டி, முளை அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவசரத்துக்கு இரும்புத் தகடும் திருகாணியும் போட்டால் இரும்பு துருப்பிடிக்கும் இடத்தில் மரமும் கெடும். இலங்கையில் பலா மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், அது நல்ல சட்டம். புயலிலும் சாலை விரிவாக்கத்திலும் விழும் பழைய பலா மரங்கள் விறகுக் கடைக்குப் போகாமல், இப்படிப்பட்ட பாலங்களுக்கும் வழிப்போக்கர் தங்கும் அம்பலங்களுக்கும் அறுத்து உலர வைக்கப்படலாம். ஹாலிஎலையிலும் பதுளையிலும் தச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு, சிங்களப் பிள்ளையானாலும் தோட்டத்துப் பிள்ளையானாலும், முதல் பாடத்தை இந்தப் பாலத்தின் ஒரு பொருத்தைக் காட்டித் தொடங்கலாம்.